ஆமை ஏறிய படகு: திருகோணமலையிலிருந்து கடற்றொழில் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடற்றொழில், நீரியல் வளத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், திருகோணமலை மாவட்டப் பலநாள் படகு உரிமையாளர்களுக்கும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கடலில் தொழில் செய்து, அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகளைப் பலநாள் படகொன்றின் ஸ்கிப்பராக, அதாவது படகுத் தலைவனாக, கழித்து, முழங்கால் ஒத்துழைக்காத காரணத்தால் கரையேறிய ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன். (எங்கள் அப்பு காலத்தில் இந்தப் பொறுப்பில் இருந்தவரைத் தண்டையல் என்பார்கள். இப்போது படிவத்திலும் பேச்சிலும் ஸ்கிப்பர்தான்.) நெடுந்தூண்டிலில் தற்செயலாக மாட்டிக்கொள்ளும் ஆமை, சுறா முதலிய பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் இழப்பைக் குறைக்க எங்கள் மாவட்டத்தில் என்ன செய்யலாம் என்பதே மடலின் பொருள். நான் கேட்பவை இரண்டு. ஒன்று, தூண்டிலின் நுனியில் இருக்கும் இரும்பை மாற்றுவதற்கு உதவி. மற்றது, மாட்டியதை உள்ளபடி எழுதும் ஸ்கிப்பருக்குப் பாதுகாப்பு. இரண்டாவது இல்லாவிட்டால், முதலாவது பலன் தந்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியவராது.

தூண்டில் தொழிலை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சிறிது விளக்குகிறேன். நெடுந்தூண்டில் என்பது மிதவைகளில் தொங்கும் நீண்ட தாய்க் கயிறும், அதிலிருந்து இடைவெளி விட்டு இறங்கும் கிளைக் கயிறுகளும், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இரை குத்திய கொளுக்கியும் சேர்ந்தது. வெளிநாட்டுப் பெருங்கப்பல்கள் ஒரே இறக்கத்தில் மூவாயிரம் கொளுக்கிகள் வரை விடும்; அவற்றின் தாய்க் கயிறு நூறு கிலோமீற்றரை எட்டும். எங்கள் படகுகள் அந்த அளவில் ஒரு பங்கைத்தான் விடுகின்றன. நாங்கள் தேடிப்போவது மஞ்சள்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, தளப்பத்து, வாள்மீன் ஆகியவற்றை. நான் இருந்த படகுகளில் பொழுது சாயும் வேளையில் கயிற்றை விட்டு, விடியற்காலையில் இழுக்கத் தொடங்குவோம். இடைப்பட்ட நேரம் முழுவதும் தூண்டில் எங்கள் கண்ணுக்கு எட்டாத இருட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். இழுக்கும்வரை அதில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னர் கடற்கட்டுப்பாடுகள் தளர்ந்து, எங்கள் ஊர்ப் படகுகள் மீண்டும் ஆழ்கடலை எட்டிப்பார்த்த காலம். அப்போது நான் ஸ்கிப்பர் அல்லன். அணியத்தில் நின்று கயிறு இழுப்பவன். ஒரு பங்குனி விடியற்காலையில் கிளைக் கயிறொன்று மீனுக்குரிய துடிப்பில்லாமல், வெறும் பாரமாக மேலே வந்தது. அது சிற்றாமை இனத்து ஆமை ஒன்று. கொளுக்கி தொண்டைக்குக் கீழே போயிருந்தது. அதன் முழுப் பாரமும் அந்தக் கயிற்றில், அதாவது அதன் குடலில், தொங்க, நாங்கள் மூன்று பேர் படகின் விளிம்புவரை இழுத்தோம். வாயோரம் இரத்தம் வந்ததைக் கண்ட வயதில் மூத்த தொழிலாளி ஒருவர், “அறுத்து விடு தம்பி, பாவம் அது” என்றார். கைக்கு எட்டிய இடத்தில் கயிற்றை அறுத்தேன். ஒரு பாகத்துக்கு (ஆறடிக்கு) மேற்பட்ட நைலோன் இழையோடு ஆமை நீருக்குள் போனது. உயிர் பிழைக்க விட்டோம் என்ற திருப்தி எங்களுக்கு.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. விழுங்கிய கொளுக்கியோடு நீளமான இழையும் உள்ளே போனால், குடல் தன் இயல்பான அசைவினால் அந்த இழையின்மேல் ஏறி ஏறி, சுருக்குப் பையின் வாயைப் போல மடிந்துவிடும். இறுகிய இழை குடலையே அறுத்தும் விடும். வாயிலிருந்து வெளியே தொங்கும் இழையோ துடுப்பில் சுற்றி இரத்தவோட்டத்தை நிறுத்தும். கொளுக்கி ஆழமாகப் போயிருந்தால் அதைப் பிடுங்க முயலாமல், இழையைக் கொளுக்கிக்கு மிக அருகில் அறுத்துவிடுவதே சரியான முறை. இதற்கு வேண்டியது நீண்ட கைப்பிடி கொண்ட ஒரு வெட்டுக்கத்தியும், ஆமையைக் கயிற்றால் தூக்காமல் ஏந்தி எடுக்க ஒரு வளைய வலையும் மாத்திரமே. அன்று எங்கள் படகில் இரண்டும் இல்லை. அந்த முறையைச் சொல்லித்தர ஆளும் இல்லை. இரக்கத்துக்கு எங்களிடம் குறைவிருக்கவில்லை. அறிவும் ஆயுதமும்தான் இல்லாமற் போயின.

அந்தச் சிற்றாமை எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால், இந்தியாவின் ஒடிசாக் கரையில் ஆயிரக்கணக்காக ஒன்றுகூடி முட்டையிடும் சிற்றாமைகளுக்கு அங்கு இட்ட அடையாளத் தகடுகள் இலங்கைக் கடலில் மீட்கப்பட்டிருக்கின்றன. எங்கள் கீழைக் கடல் அவற்றின் போக்குவரத்துப் பாதை. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று இலங்கைக் கரைகளில் முட்டையிடும் மற்ற நான்கு இனங்களும் இந்தக் கடலைப் பயன்படுத்துகின்றன. ஓர் ஆமை முட்டையிடும் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். பெருந்தலை ஆமைக்கு அதைவிட இரு மடங்கு காலம் தேவை. கடற்கரையில் முட்டைகளுக்கு வேலி கட்டுவது நல்ல காரியம். ஆனால் இருபது ஆண்டு வளர்ந்த ஒரு தாய் எங்கள் கொளுக்கியில் போனால், அந்த வேலியால் அதை ஈடுசெய்வது கடினம்.

இனிக் கொளுக்கியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கைகளுக்குப் பழக்கமானது ஜே வடிவக் கொளுக்கி. அதன் முனை தண்டுக்கு இணையாக மேல்நோக்கி நிற்கும். விழுங்கப்பட்டால் உள்ளே எங்கு பட்டாலும் குத்தும். வட்டக் கொளுக்கியின் முனையோ தண்டை நோக்கி உள்ளே மடிந்திருக்கும். அது தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து, பெரும்பாலும் தாடையின் ஓரத்தில் மாட்டும். அகலமும் கூடுதல் என்பதால் பல ஆமைகளின் வாய்க்குள் அது முழுதாகப் போவதே இல்லை. தாடையோரத்தில் மாட்டிய கொளுக்கியை, அகற்றி எனப்படும் கருவியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். மீனுக்கும் இதில் நன்மை உண்டு. தாடையில் மாட்டிய சூரை உயிரோடு வரும் வாய்ப்புக் கூடும்; உயிரோடு வந்த மீனின் தசைக்கு என்ன விலை என்று ஏற்றுமதிக்காரரிடம் பேரம் பேசிய எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2001 முதல் 2003 வரை வடமேல் அத்திலாந்திக்கில், வாள்மீன் பிடிக்கும் படகுகளோடு சேர்ந்து இதைப் பரிசோதித்தார்கள். 18/0 என்ற அளவு இலக்கம் கொண்ட வட்டக் கொளுக்கியில் கணவாய்க்குப் பதிலாகக் கானாங்கெளுத்தி இன மீனை இரையாகக் குத்தியபோது, பெருந்தலை ஆமை மாட்டுவது ஏறத்தாழ 90 சதவீதமும் ஏழுவரி ஆமை மாட்டுவது ஏறத்தாழ 65 சதவீதமும் குறைந்தன. இரையை மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்தேன். கணவாய் வழுவழுப்பானது, இறுக்கமானது. ஆமையால் அதைக் கிழிக்க முடியாது, கொளுக்கியோடு விழுங்கிவிடும். மீனையோ துண்டு துண்டாகக் கடித்துக் கிழித்துத் தின்னும். கொளுக்கி வெளியே நின்றுவிடும். ஏழுவரி ஆமையின் கதை வேறு. அது இரைக்காக வருவதைவிட, கயிற்றில் துடுப்பு சிக்கியோ தோளில் கொளுக்கி குத்தியோ மாட்டுவதே அதிகம். அதனால்தான் அதன் சதவீதம் குறைவு என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

அத்திலாந்திக்கின் குளிர்ந்த நீரில் வாள்மீனுக்குக் கிடைத்த முடிவை அப்படியே கொண்டுவந்து எங்கள் படகுகளில் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் சூரைக்கு எந்த இலக்கக் கொளுக்கி பொருந்தும், கணவாயை விட்டுப் பால்மீனுக்கோ சாளைக்கோ மாறினால் பிடி எவ்வளவு மாறும் என்பதை எங்கள் கடலில்தான் பார்க்க வேண்டும். அதற்கான முறை கடினமானதல்ல. ஒரே தாய்க் கயிற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஜே கொளுக்கியையும் வட்டக் கொளுக்கியையும் கட்டி, எதில் என்ன வந்தது என்று ஒரு பருவம் முழுவதும் எழுதினால் போதும். தேசிய நீரியல் வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகமான நாராவின் ஆய்வாளர்கள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஐந்தாறு படகுகளோடு இதைச் செய்யலாம். பிடி குறைந்தால் ஏற்படும் இழப்பைத் திணைக்களம் ஈடுசெய்யும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் முன்வரும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கொளுக்கிகள் துருப்பிடித்தும் அறுந்தும் போவதால் நாங்கள் எப்படியும் அவற்றைத் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். ஆகவே, புதிய செலவு என்பதைவிட, அடுத்த முறை வாங்கும்போது எதை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. கடையில் எது தொங்குகிறதோ அதுதான் கடலுக்குப் போகும். வட்டக் கொளுக்கி கூட்டுறவுச் சங்கக் கடையில் ஜே கொளுக்கியின் விலைக்கோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும்படி செய்வதற்கு ஒரு சுற்றுநிருபமும் சிறிய மானியமும் போதுமானவை.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆமைகள் தம் நேரத்தில் பெரும்பகுதியை நூறு மீற்றருக்கு உட்பட்ட மேல்நீரில் கழிக்கின்றன. தாய்க் கயிறு மிதவைகளுக்கிடையே தொய்ந்து தொங்குவதால், மிதவையை ஒட்டிய கொளுக்கிகள்தாம் மிக மேலே நிற்கும். மிதவைக்கு இரு புறத்திலும் முதற் கொளுக்கியைக் கட்டாமல் விட்டாலும், மிதவைக் கயிற்றை நீளமாக்கினாலும் ஆமைக்கும் இரைக்கும் இடையே தூரம் கூடும். பெருங்கண் சூரை ஆழத்தில் திரிவது என்பதால் இதில் அதைத் தேடிப் போகிறவருக்கு நட்டம் அதிகமில்லை. தளப்பத்தை நம்பிப் போகிறவருக்கு நட்டம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது.

சுறா விடயம் ஆமையைவிடச் சிக்கலானது. ஏனென்றால் அதில் காசு இருக்கிறது. உடலளவுக்கு வால் நீண்ட கசைவால் சுறாவைப் பிடிப்பது 2012 ஆம் ஆண்டு முதலும், துடுப்பு நுனி வெளுத்த பெருங்கடல் வெண்முனைச் சுறாவையும் புள்ளிச் சுறா எனப்படும் திமிங்கிலச் சுறாவையும் பிடிப்பது 2015 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படியும் இந்நாட்டில் தடை. கசைவால் சுறா ஒரு தடவையில் பெரும்பாலும் இரண்டு குட்டிகளைத்தான் ஈனும். வெண்முனைச் சுறா இன்று உலகளவில் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் மற்றச் சுறாக்களைப் பிடிக்க அனுமதி உண்டு. சுறாக் கருவாட்டுக்கு எங்கள் சந்தையில் எப்போதும் ஆள் உண்டு. அதனால் பல படகுகளில் கிளைக் கயிற்றின் கடைசிப் பகுதி கம்பியாக இருக்கிறது. சுறாவால் கம்பியைக் கடித்து அறுக்க முடியாது. நைலோனாக இருந்தால் கடித்துத் தப்பிவிடும். தடைசெய்த சுறா எது, தடையில்லாதது எது என்று அந்தக் கம்பி பிரித்துப் பார்ப்பதில்லை. விடியலில் இழுக்கும்போது கசைவால் சுறா பெரும்பாலும் செத்தே வருகிறது. செத்ததைத் திரும்பக் கடலில் போட்டுச் சட்டத்தைக் காப்பாற்றலாம். சுறாவைக் காப்பாற்ற முடியாது. அவுஸ்திரேலியா தனது கிழக்குக் கரை நெடுந்தூண்டில் தொழிலில் 2005 இல் கம்பியைத் தடைசெய்தது. அங்கு செய்த ஒப்பீட்டில் நைலோன் கிளைகளில் சுறா குறைந்ததோடு, பெருங்கண் சூரை கூடுதலாகவும் பிடிபட்டது. சூரையின் கண்ணுக்குக் கம்பி தெரிகிறது போலும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வட்டக் கொளுக்கி சுறாவையும் தாடையோரத்தில்தான் மாட்டும். இழை அதன் பற்களுக்கு அகப்படாது. ஆகவே கொளுக்கியை மாத்திரம் மாற்றிக் கம்பியை விட்டுவைத்தாலும், ஏன், கம்பியை அகற்றினாலும், சில இடங்களில் சுறா கூடுதலாகப் பிடிபடக்கூடும். ஆமைக்கு நல்லது செய்யப்போய்ச் சுறாவுக்குக் கெடுதி செய்துவிட்டோமா என்பதையும் மேலே சொன்ன ஒன்றுவிட்டு ஒன்று கட்டும் சோதனையில்தான் அறிய முடியும். இதனால்தான் நான் கொழும்பிலிருந்து ஒரே நாளில் வரும் வர்த்தமானி அறிவித்தலைக் கேட்கவில்லை.

இப்போது, இந்த மடலை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி சொல்வார்கள். எங்கள் படகுகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே வரும் என்ற பயம் இருக்கிறது. ஆமை ஏறினால் பின்னாலேயே அமீனாவும், அதாவது நீதிமன்றச் சேவகரும், ஏறுவார். தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1970களிலிருந்து ஆமையைக் கொல்வதும் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அந்தச் சட்டம் வேண்டும். ஆமை இறைச்சி வெளிப்படையாக விற்ற காலத்தை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன்; அது திரும்பக் கூடாது. ஆனால் தற்செயலாக மாட்டிய ஆமையைப் படகில் ஏற்றினாலே “வைத்திருந்த” குற்றம் வந்துவிடும் என்று எங்கள் ஊழியர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அதே வேளை, இலங்கை உறுப்பு நாடாக இருக்கும் இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழுவின் 12/04 ஆம் இலக்கத் தீர்மானம் என்ன சொல்கிறது? மயங்கிய நிலையில் வரும் ஆமையை இயன்றவரை படகில் ஏற்றி, தெளியவைத்து விட வேண்டும். நெடுந்தூண்டில் படகுகள் இழை வெட்டியும் கொளுக்கி அகற்றியும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சம்பவத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. நாடு ஒப்புக்கொண்ட கடமையைச் செய்கிற ஸ்கிப்பர், தான் குற்றம் செய்கிறோமோ என்று நடுங்கவேண்டிய நிலை சரியானதல்ல.

இந்த நடுக்கத்தின் விலை என்ன தெரியுமா? நான் ஸ்கிப்பராக இருந்தபோது ஒரு பயணத்தில் இரண்டு ஆமைகள் மாட்டின. ஒன்று உயிரோடு, மற்றது செத்து. இரண்டையும் பதிவேட்டில் எழுதினேன். கரையில் அதைப் புரட்டிப் பார்த்த ஒருவர் (அவர் யார், எந்தத் துறையில் என்பது இங்கு தேவையில்லை, அவர் என் நன்மைக்காகவே சொன்னார்), “இதை ஏன் ஐயா எழுதினீர்கள், வீண் தொல்லை, இனிப் பூச்சியம் போடுங்கள்” என்றார். அதன் பின்னர் பூச்சியம் போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், கரையேறும்வரை போட்டேன். என்னைப் போல எத்தனை ஸ்கிப்பர்கள் போட்டிருப்பார்கள்! அந்தப் பூச்சியங்கள் எல்லாம் கூட்டப்பட்டு அறிக்கையாகும்போது, எங்கள் படகுகளில் ஆமையே மாட்டுவதில்லை என்ற தோற்றம் வரும். அதை நம்பும் வெளிநாட்டார் எவரும் இல்லை. நம்பாதவர்கள் தாமாகவே ஓர் எண்ணை மதிப்பிட்டு எழுதிக்கொள்வார்கள். அது எங்கள் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும்.

எழுதினால் தொழில் பாழாகும் என்ற அச்சத்துக்கு நேர்மாறான ஓர் உதாரணம் ஹவாய்த் தீவுகளில் உண்டு. ஆமைகள் மாட்டுவதை முன்னிட்டு மூடப்பட்டிருந்த அங்குள்ள வாள்மீன் நெடுந்தூண்டில் தொழில், வட்டக் கொளுக்கி, மீன் இரை, ஒவ்வொரு படகிலும் அவதானிப்பாளர் என்ற நிபந்தனைகளோடு 2004 இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஓர் ஆண்டில் 17 பெருந்தலை ஆமைகளோ 16 ஏழுவரி ஆமைகளோ மாட்டினால் அந்த ஆண்டுக்குத் தொழில் நிறுத்தம் என்று எல்லையும் வைத்தார்கள். 2006 மார்ச்சில் பதினேழாவது பெருந்தலை ஆமையோடு தொழில் நின்றது. அடுத்த ஆண்டு மீண்டும் நடந்தது. இங்கும் அப்படி எல்லை வையுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் படகில் அவதானிப்பாளருக்குப் படுக்க இடமே இல்லை; ஆணைக்குழு கேட்கும் ஐந்து சதவீத அவதானிப்பே எங்கள் அளவுப் படகுகளுக்குப் பெரும்பாடு. நான் காட்டவிரும்புவது வேறொன்று. எண்ணியதால்தான் அந்தத் தொழில் திரும்பத் திறந்தது. மூடியபோதும் எத்தனை நாளுக்கு, ஏன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எண்ணிக்கை இல்லாத நாட்டுக்குச் சந்தை எப்படி மூடப்படும் என்பதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். ஆழ்கடல் படகுகளைக் கண்காணிப்பதில் குறைபாடு, ஆணைக்குழுவின் விதிகளைக் கடைப்பிடிப்பதில் குறைபாடு என்ற காரணங்களால் 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீனுக்குத் தடை அறிவித்து, 2015 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. 2016 ஜூனில்தான் அது நீங்கியது. அந்த ஒன்றரை ஆண்டில் சூரையின் விலை விழுந்தது விழுந்ததுதான். இப்போது ஐக்கிய அமெரிக்காவும், கடற்பாலூட்டிகளைத் தற்செயலாகக் கொல்வதில் தனது நாட்டுத் தரத்துக்கு ஒப்பான கட்டுப்பாடு உள்ள தொழில்களிலிருந்து மாத்திரமே மீன் வாங்கும் விதியை வைத்திருக்கிறது. படகு உரிமையாளர்களே, ஆமைக்காக உங்களுக்கு மனம் இரங்காவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் மீன்பெட்டியோடு சேர்ந்து போகும் அந்தச் சான்றுத் தாளுக்காகவாவது இதைக் கவனியுங்கள்.

நெடுந்தூண்டிலைப் பற்றியே எழுதிக்கொண்டு செவுள்வலையை மறந்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் பலநாள் படகுகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்றிக்கொண்டுதான் போகின்றன. ஓங்கில் (டொல்பின்) முதலிய சிறு கடற்பாலூட்டிகளுக்கு வலைதான் பெரிய எமன். இந்து சமுத்திரத்தின் சூரை வலைகளில் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 இலட்சம் சிறு கடற்பாலூட்டிகள் மாட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர் குழுவொன்று மதிப்பிட்டுள்ளது. வலையிலிருந்து தூண்டிலுக்கு மாறுவது அந்த வகையில் நல்ல மாற்றம்; அதனால்தான் தூண்டிலையாவது ஒழுங்காக்குவோம் என்கிறேன். கோணேசர் கோயில் மலையுச்சியில் நின்று நீலத்திமிங்கிலம் நீர் பீய்ச்சுவதைப் பார்க்கக்கூடிய ஊர் எங்களுடையது. கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குவதால் வந்த பேறு அது. அந்தப் பெரிய உயிர்களுக்குத் தூண்டிலால் வரும் ஆபத்து ஒப்பளவில் சிறிது. மாறாக, சிறிய பல்திமிங்கிலங்கள் எங்கள் தூண்டிலில் மாட்டிய சூரையைத் தின்று தலையை மாத்திரம் விட்டுவைப்பதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் நட்டம் எங்களுக்கு. அல்பட்ரோஸ் போன்ற கடற்பறவைகளுக்கான விதிகள் தெற்கு அகலாங்கு 25 பாகைக்கு அப்பாற்பட்ட கடலுக்கு உரியவை. எங்கள் படகுகளுக்கு அது அவசரமான விடயமல்ல.

பணிப்பாளர் நாயகம் அவர்களே, தங்களிடம் கேட்பதைத் தெளிவாக எழுதுகிறேன். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தோடு கலந்து, தற்செயலாக மாட்டிய பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்கும் நோக்கத்தோடு படகில் ஏற்றுவதும், உயிரோடோ செத்தோ மாட்டியதைப் பதிவேட்டில் எழுதுவதும் குற்றமாகக் கொள்ளப்பட மாட்டா என்று எழுத்து மூலம் அறிவியுங்கள். இறைச்சியையோ ஓட்டையோ கரைக்குக் கொண்டுவருபவனுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டாம். அவன் மீது வழக்குத் தொடருங்கள். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் இருக்கட்டும். ஏனென்றால் பருவத்துக்குத் தென்பகுதியிலிருந்து கொட்பேக்கு வரும் படகுகள் பல. எங்கள் படகுகளிலும் இரு மொழி பேசுகிறவர்களும் ஒரே சட்டியில் சோறு தின்கிறார்கள். அந்தத் தாள் சக்கரவீட்டின் சுவரில் ஒட்டக்கூடிய அளவில், உப்புத் தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும். இதைச் சொல்லச் சிரிப்பு வரலாம். இதுவரை எங்களுக்குத் தரப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் முதல் பயணத்திலேயே கூழாகிவிட்டன.

அதே தாளின் மறுபக்கத்தில், மயங்கிய ஆமையை என்ன செய்வது என்பதைப் படமாகப் போடுங்கள். அது பலருக்குத் தெரியாது. செத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கடலில் எறியப்படும் ஆமைகளில் சில சாகவில்லை. நீர் குடித்து மயங்கியவை. அவற்றை மல்லாத்தக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியை 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் உயர்த்தி, நிழலில், ஈரச்சாக்கு போர்த்தி நாலு மணிநேரம் முதல் ஒரு நாள்வரை விட்டால் நுரையீரலிலிருந்து நீர் வடிந்து பல தெளிந்துவிடும். மூக்கை மூடாமல் போர்த்த வேண்டும். தெளிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, தூண்டில் இல்லாத பக்கமாக, தலை முன்னே போக நீரில் இறக்க வேண்டும்.

உரிமையாளர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். படகின் வருமானத்தில் செலவு கழித்துப் பங்கு பிரிக்கிற தொழில் எங்களுடையது. ஆமையை விடுவிக்க அரை மணிநேரம் இயந்திரத்தை நிறுத்தினால் அது ஊழியரின் தூக்கத்திலும், அறுத்துவிட்ட கொளுக்கி உங்கள் செலவிலும் போய்ச் சேர்கிறது. அந்தக் கொளுக்கியை இழப்பு என்று ஸ்கிப்பரிடம் கேட்காதீர்கள். வெட்டியும் அகற்றியும் வளைய வலையும் உயிர்காப்பு அங்கியைப் போலப் படகின் சாமானாக இருக்கட்டும். ஸ்கிப்பர் தன் பணத்தில் வாங்கவேண்டிய பொருளாக அல்ல. சங்கங்கள் நைலோன் இழையை மொத்தமாக வாங்கிக் கம்பிக்குப் பதிலாகக் கொடுக்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.

வாடை ஓய்ந்து படகுகள் மீண்டும் தொழிலுக்கு இறங்குவதற்கு முன்னுள்ள சில வாரங்கள்தாம், ஸ்கிப்பர்களும் ஊழியர்களும் ஒன்றாகக் கரையில் அகப்படும் காலம். அந்த நாட்களில் ஒன்றைக் குறித்து, கொட்பே இறங்குதுறையிலேயே, மண்டபத்திலோ விடுதியிலோ அல்ல, ஒரு பயிற்சியை வையுங்கள். கொளுக்கி அகற்றியைப் பிடிக்கும் விதத்தைக் காட்ட ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். கடைசி மூன்று ஆண்டுகள் என் படகில் நானே செய்வித்து வைத்திருந்த அகற்றி இன்னும் என் வீட்டு வாடிக்குள் இருக்கிறது. கொஞ்சம் துரு, தேய்த்தால் போய்விடும். அப்போது நான் எழுதாமல் விட்ட ஆமைகளின் எண்ணிக்கையையும், நினைவில் உள்ள அளவுக்கு, தங்கள் அலுவலரிடம் எழுதித் தரச் சித்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
முன்னாள் பலநாள் படகு ஸ்கிப்பர் ஒருவர்,
திருக்கடலூர், திருகோணமலை.